வானத்துத் துணிச்சல் – 4: பக்கத்துக்கு மூன்று மீட்டர்

பாரிஸ் அருகே வில்லகுப்லே விமானத் தளத்தில், 1919 ஜூலை 10 அன்று, பயிற்சியின்போது ழான் நவார் விழுந்து மாண்ட இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். எதிரியின் 12 விமானங்களை வீழ்த்தி, முதல் உலகப் போரில் உயிர் தப்பிய வீரர் அவர்.

நான்காம் நாள் வெற்றி அணிவகுப்பு. விமானிகளும் காலாட்படையைப் போலத் தரையில் நடந்துதான் வரவேண்டும் என்பது உத்தரவு. வானத்தில் போரிட்டு, வானத்திலேயே தோழர்களைப் பறிகொடுத்தவர்களுக்கு அது தாங்க முடியாத அவமானம். அதைத் துடைக்கத்தான், பாரிஸின் வெற்றி வளைவுக்குள் விமானத்தைச் செலுத்த நவாரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் போனபின், 'நான் செய்கிறேன்' என்று முன்வந்தார் விமானி சார்ல் கோத்ஃபுருவா.

இதை வெறும் முரட்டுத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். தெற்கே மிராமாவுக்குப் போய், சின்ன ரோன் ஆற்றுப் பாலத்தின் அடியில் பறந்து பழகினார். பத்திரிகையாளர் ழாக் மோர்த்தானுடன் வளைவுக்குப் பலமுறை சென்று, காற்றின் போக்கைக் கவனித்தார். கணக்கையும் பாருங்கள். வளைவின் வாய் அகலம் 14.6 மீட்டர். அவருடைய நியூபோர்ட் விமானத்தின் இறக்கை, நுனிக்கு நுனி சுமார் 8 மீட்டர். நட்டநடுவே நுழைந்தால் பக்கத்துக்கு மூன்று மீட்டர் மிஞ்சும். உள்நீளம் 22 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடிப் பயணம். அதற்குள் ஒரு பக்கக்காற்று தள்ளினால் திருத்திக்கொள்ள அவகாசமே இல்லை. இறக்கையோ மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. இருபுறமும் கல்.

ஆகஸ்ட் 7, காலை 7.20. ராணுவச் சீருடையோடு வில்லகுப்லேயிலிருந்து கிளம்பினார் கோத்ஃபுருவா. மேலதிகாரிகள் யாருக்கும் தெரியாது. பாரிஸ் வந்தார். வளைவை ஒருமுறை சுற்றினார். இன்னொரு முறை சுற்றினார். மேற்கே விலகிப்போய்த் திரும்பி, கிராந்த் ஆர்மே சாலைக்கு நேராக மூக்கை வைத்தார். கீழே படக்கருவி காத்திருந்தது.

இறங்கினார். வேகத்தைக் கூட்டினார். சாலையோரக் கட்டடங்கள் இருபுறமும் பின்னோக்கி ஓடின. எதிரே வளைவு பெரிதாகிக்கொண்டே வந்தது.

வளைவின் மொத்த உயரம் சுமார் 50 மீட்டர். மனம் மாறினால் மேலே ஏறித் தப்பிக்கலாம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. கோத்ஃபுருவா அந்த எல்லையைத் தாண்டிவிட்டார்.

(தொடரும்)