தோட்டாவும் 1878-ம்

சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். பலூன் சுடுற கடையில தம்பி கேட்டான்: "அமெரிக்காவுல சுட்டு முடிச்ச தோட்டாக் கூட்டுல வீட்டிலேயே மறுபடி மருந்தும் ரவையும் அடைக்கிறாங்களே, நம்ம ஊர்ல ஏன் யாரும் செய்றதில்ல?"

பதிலுக்கு 1878-க்குப் போகணும். 1857 கிளர்ச்சியை மறக்காத ஆங்கிலேய அரசு, வைஸ்ராய் லிட்டன் காலத்தில் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேணும், ஐரோப்பியருக்கு விலக்கு. அதாவது, அவங்களுக்குப் பொழுதுபோக்கா இருந்தது நமக்குக் குற்றம்.

அதோட விலை என்னன்னு தெரிய தேனியிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். 1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த மக்கள்மேல் போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்பட 16 பேர் இறந்தார்கள்.

1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் கேட்டது. ஆனா சுதந்திர இந்தியாவின் 1959 சட்டத்திலும் உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்க முடியாது. அதுல எனக்கு வருத்தமில்ல. வீட்டுக்குள்ள வெடிமருந்து வேண்டாம். இப்போ அந்தத் தடை, தோலின் நிறம் பார்க்காம எல்லாருக்கும் ஒண்ணுதான். தம்பிகிட்டயும் அதைத்தான் சொன்னேன்.