உயர்நிலைப் பள்ளித் தகவல் தொழில்நுட்பக் கல்வி (கேரளம்)

கேரளத்தில் 8, 9, 10ஆம் வகுப்புகளில் தகவல் தொழில்நுட்பம் (ஐ.டி.) கட்டாயப் பாடம். கணக்கையும் அறிவியலையும் போலவே எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் இதற்கும் கிரேடு உண்டு. பக்கத்திலுள்ள தமிழ்நாட்டில் கணினி அறிவியல் தனிப் பாடமாக +1இல்தான் வருகிறது, அதுவும் அந்தப் பிரிவில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். பத்தாம் வகுப்பு வரை அது அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒதுங்கியிருக்கிறது. ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது கடைசிப் பாடங்களுக்கு என்ன கதி நேரும் என்பது பள்ளியில் படித்த எவருக்கும் தெரியும்.

தொடக்கம்

இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைக் கேரள அரசு தொடங்கியது. 2005இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்குள் ஐ.டி. நுழைந்தது. அதே ஆண்டு ஜூலையில், எஜுசாட் செயற்கைக்கோள் வழியே இயங்கிய விக்டர்ஸ் கல்வி அலைவரிசையைக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தார். 2017இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது.

மென்பொருள்

முதலில் வந்த பாடநூல்கள் மைக்ரோசாஃப்ட் விண்டோஸை ஒட்டியே எழுதப்பட்டிருந்தன. ஒரு தனியார் நிறுவனத்தின் சரக்கைப் பொதுப்பள்ளிப் பாடமாக்குவதா என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் ஆசிரியர் சங்கங்களும் எதிர்த்தார்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்ததும் இதே திருவனந்தபுரத்தில்தான், 2001 ஜூலையில். ஆகவே அந்த வாதத்தைக் கேட்கும் காதுகள் அங்கே இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் பள்ளிகள் முழுவதும் லினக்ஸுக்கு மாறின. முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடித்தளமாகக் கொண்டு, பாடத்துக்குத் தேவையான மென்பொருள்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாக்கித் தந்தார்கள். லிபர் ஆஃபிஸ், படங்களுக்கு ஜிம்ப், இங்க்ஸ்கேப், கணக்குக்கு ஜியோஜிப்ரா, நிலவரைபடத்துக்குக் கியூ.ஜி.ஐ.எஸ்., நிரல் எழுத ஸ்கிராட்ச், பைத்தான் எல்லாம் அதில் அடக்கம். உரிமக் கட்டணம் மிச்சம் என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அதைவிடப் பெரிய லாபம், பள்ளியில் பழகிய அதே தொகுப்பை மாணவர் வீட்டுக் கணினியிலும் செலவின்றிப் போட்டுக்கொள்ளலாம் என்பது.

மலையாளத் தட்டச்சுக்கு இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையைக் கற்பித்தார்கள். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான அமைப்பு இது. 'அம்ம' என்று மலையாளத்தில் அடிக்க, ஷிஃப்டுடன் D, பிறகு C, D, C. விசைப்பலகையைத் தமிழ் இன்ஸ்கிரிப்ட்டுக்கு மாற்றி இதே நான்கையும் தட்டினால் இதே எழுத்துகள் தமிழில் விழும். கூடவே E விசையைத் தட்டினால் கால் சேர்ந்து 'அம்மா' ஆகிவிடும். தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் பழகிய கைக்கு இது புதிதாகத்தான் இருக்கும். இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகளும் காசர்கோட்டில் கன்னடவழிப் பள்ளிகளும் இருப்பதால் ஐ.டி. பாடநூல் இவ்விரு மொழிகளிலும் வருகிறது.

வகுப்பறையில்

உயர்நிலைப் பள்ளிகளில் ஐ.டி.க்கெனத் தனி ஆசிரியர் பணியிடம் இல்லை. கணக்கு, இயற்பியல், சமூக அறிவியல், மொழி ஆசிரியர்களே பயிற்சி பெற்று இதையும் எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பள்ளி ஐ.டி. ஒருங்கிணைப்பாளர், 'எஸ்.ஐ.டி.சி.' என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டுப்போன பிரின்டரைச் சரிசெய்வதிலிருந்து தேர்வு மென்பொருளை நிறுவுவது வரை எல்லாம் அவர் தலையில். இந்த ஏற்பாட்டின் குறை கண்கூடு: சொந்தப் பாடம் பாக்கியிருந்தால் ஐ.டி. பீரியடை அதற்கு எடுத்துக்கொள்ளத் தோன்றும். நிறையும் உண்டு. பைத்தானில் 'ஆமை' எனப்படும் திரைக்குறியை நகர்த்திப் படம் வரையும் பாடத்தைப் பாருங்கள். அறுகோணம் வரையச் சொன்னால், அதன் உட்கோணம் 120 பாகை என்று கணக்கில் படித்த மாணவர் 100 புள்ளி முன்னே போ, 120 பாகை திரும்பு, இதை ஆறு முறை செய் என்று எழுதுவார். திரையில் வருவது முக்கோணம். அதையே ஆமை இரண்டு முறை சுற்றிவரும். நிரலில் பிழையே இல்லை. ஆமை திரும்ப வேண்டியது உட்கோணம் அல்ல, வெளிக்கோணமான 60 பாகை. இதைக் கரும்பலகையில் விளக்கக் கணக்கு ஆசிரியரைவிடப் பொருத்தமானவர் யார்?

தேர்வு

எஸ்.எஸ்.எல்.சி. ஐ.டி.க்கு மொத்தம் 50 மதிப்பெண். செய்முறைக்கே பெரும்பங்கு, எழுத்துத் தேர்வும் கணினியிலேயே நடக்கிறது. செய்முறையில் கேள்விகளைத் தேர்வு மென்பொருள் ஆளுக்கு ஒன்றாகக் கலைத்துத் தரும். மாணவர் அதைச் செய்து, பதிவெண்ணைக் கோப்பின் பெயரில் இட்டுச் சேமிக்க வேண்டும். படம் அருமையாக வரைந்தும் சேமிக்க மறந்தால் திருத்த எதுவும் இருக்காது. வேலையைப் பத்திரப்படுத்தும் இந்தப் பழக்கமும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

பின்னர் வந்தவை

2018இல் 8 முதல் 12 வரையான வகுப்புகளில் 45,000 வகுப்பறைகள் புரொஜெக்டர், மடிக்கணினி வசதி பெற்றன. அதே ஆண்டு 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றம் தொடங்கியது. அனிமேஷன், மின்னணுவியல், ரோபாட்டிக்ஸ் என்று பாடநூலுக்கு வெளியே போக விரும்பும் பிள்ளைகளுக்கானது அது. கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, 2020 ஜூன் 1 முதல் விக்டர்ஸ் அலைவரிசையில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் ஓடின. 2024இல் ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் செயற்கை நுண்ணறிவும், 2025இல் பத்தாம் வகுப்பில் ரோபாட்டிக்ஸும் சேர்ந்தன.

பள்ளிகளில் ஓடும் கைட் குனு/லினக்ஸ் தொகுப்பை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். கேரளத்து மாணவராக இருக்க வேண்டியதில்லை.