சாவுத் தேதி குறிப்பவர்கள்

1

கம்ப்யூட்டர் கம்பெனிகளின் மொழியில் 'ஆயுள் முடிவு' என்று ஒரு சொற்கட்டு உண்டு. ஒரு மென்பொருளுக்கோ எந்திரத்துக்கோ இனிமேல் எதுவும் செய்யமாட்டோம் என்று அறிவிக்கிற நாளுக்கு அந்தப் பெயர். ஆயுள் என்றால் தானாக முடிவது. மனுஷன் சாகிறான், மாடு சாகிறது, மரம் பட்டுப்போகிறது. இங்கே தேதியை ஒருவர் உட்கார்ந்து குறிக்கிறார். வியாபார முடிவு ஒன்றை இயற்கை நிகழ்வாகச் சொல்லிவிடுகிற இந்தச் சொல்லாடலிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டும். சாவுக்கும் கொலைக்கும் உள்ள வித்தியாசம் இதில் காணாமல் போய்விடுகிறது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு இப்படி ஆயுள் முடிந்தது. அது வெளிவந்தது 2015 ஜூலையில். அந்த வருஷம் மே மாதம் மைக்ரோசாஃப்ட் மாநாட்டு மேடையில் அதன் ஊழியர் ஒருவர், இதுதான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று பேசினார். இனி புதுசு புதுசாக வராது, இருப்பதையே புதுப்பித்துக்கொண்டு போவார்கள் என்று உலகம் புரிந்துகொண்டது. ஆறு வருஷம்தான். 2021 ஜூனில் விண்டோஸ் 11ஐ அறிவித்தார்கள், அக்டோபர் 5இல் வெளியிட்டார்கள். டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் 2017இல் வந்த எட்டாம் தலைமுறை ப்ராசஸரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஒன்றிரண்டு விதிவிலக்கைத் தவிர மற்றதெல்லாம் வெளியே நிற்க வேண்டியதுதான். கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில், 24 கோடி எந்திரங்கள்வரை இதனால் குப்பைக்குப் போகக்கூடும் என்று கணக்கிட்டது. ரிப்பேராகிப் போகிறவை இல்லை இவை. பட்டியலில் பேர் இல்லாததால் போகிறவை.

2

இந்த யோசனை கம்ப்யூட்டரோடு பிறந்ததில்லை. 1932இல், பெருமந்தத்தின் நடுவே, பெர்னார்ட் லண்டன் என்ற அமெரிக்கர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். ஜனங்கள் பழைய சாமான்களை விடாமல் வைத்துக்கொண்டிருப்பதுதான் நெருக்கடிக்குக் காரணம். எனவே ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கமே ஆயுளை நிர்ணயிக்க வேண்டும். தவணை தீர்ந்ததும் அது சட்டப்படி 'செத்தது' என்று அறிவித்து அழிக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். அதை எந்த அரசும் ஏற்கவில்லை. ஆனால் லண்டன் அரசாங்கத்திடம் கேட்ட அதிகாரத்தை இன்று மென்பொருள் கம்பெனிகள் யாரையும் கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கின்றன. வீடு புகுந்து எந்திரத்தைப் பறிமுதல் செய்கிற வேலைகூட மிச்சம். டிரைவர் எழுதாமல் விட்டாலே போதும்.

டிரைவர் என்பது எந்திரத்துக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நிற்கிற மொழிபெயர்ப்பாளன். அவன் வேலைக்கு வராவிட்டால் இரண்டு பேரும் ஊமைதான். 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா டிரைவர்களுக்கான விதிகளை மாற்றியது. எக்ஸ்பியில் ஒழுங்காக ஓடிய எத்தனையோ பிரிண்டர்களும் ஸ்கேனர்களும் அதில் வாய் திறக்கவில்லை. ஆப்பிள் இன்னும் கறார். 2006 ஆகஸ்ட் வரை அது விற்றுக்கொண்டிருந்த பவர் மேக் ஜி5, 2009 ஆகஸ்டில் வந்த ஸ்னோ லெப்பர்டை ஏற்காது. மூணே வருஷம்.

என்னிடமும் ஒரு ஸ்கேனர் இருந்தது. பழைய சிறுபத்திரிகைகளைப் படமெடுத்து வைப்பதற்கென்று வாங்கியது. கண்ணாடியில் கீறல் இல்லை, விளக்கு மங்கவில்லை, மோட்டார் நன்றாகவே ஓடியது. கம்ப்யூட்டரை மாற்றியதும் அது செத்துப்போனது. கம்பெனிக்கு எழுதினேன், புது மாடல்களின் விலைப்பட்டியல் வந்தது. காசு கொடுத்து வாங்கியவன் நான்தான். பட்டா நம்ம பேர்ல இருக்கு, உழுகிறதுக்கு மட்டும் அவங்க அனுமதி வேணும் என்றால் அதற்குப் பேர் சொத்தா குத்தகையா?

3

பாதுகாப்புக்காகத்தான் இதெல்லாம் என்று அவர்கள் சொல்கிறார்கள். இதை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது. 2017 மே மாதம் வானாக்ரை தாக்கியபோது பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. மாட்டிக்கொண்ட எந்திரங்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கான பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாமல் விட்டிருந்தார்கள். அப்டேட்டே வேண்டாம் என்று சொல்வது, தொல்லையாக இருக்கிறது என்று கதவைக் கழற்றி வைப்பது மாதிரிதான்.

ஆனால் அதே சம்பவத்தில் இன்னொன்றும் வெளியே வந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இலேயே ஆதரவு முடிந்திருந்தது. செத்துப்போனதாகச் சொன்ன அந்த எக்ஸ்பிக்குத் தனி ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டியவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் பேட்ச் எழுதிக்கொண்டுதான் இருந்தது. வானாக்ரை பரவிய பிறகு அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். விண்டோஸ் 10 விஷயமும் இதேதான். வீட்டு உபயோகத்துக்கு 30 டாலர் கட்டினாலோ, செட்டிங்குகளை அவர்களுடைய கணக்கில் சேமித்துவைக்கச் சம்மதித்தாலோ 2026 அக்டோபர் 13 வரை உயிர்ப்பிச்சை என்று அறிவித்தார்கள். கருவிகளில் பொருத்துவதற்கென்று விற்கப்படும் அதே விண்டோஸ் 10இன் 2021ஆம் வருஷ நீண்டகாலப் பதிப்புக்கோ 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு. ஆகவே செய்ய முடியாது என்பது பொய். யாருக்குச் செய்வது என்பதுதான் கேள்வி.

இதன் எதிர்முனையையும் பார்க்கலாம். ஐபிஎம் 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது, சின்ன எந்திரத்துக்கு எழுதிய நிரல் பெரிய எந்திரத்திலும் ஓடும் என்று வாக்குக் கொடுத்தது. அன்று எழுதிய பயன்பாட்டு நிரல்கள் பல அதன் இன்றைய பெருங்கணினிகளிலும் ஓடக்கூடியவை. அறுபது வருஷம்! வாடிக்கையாளர்கள் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், அரசாங்கங்கள். அவர்களிடம் போய் உன் நிரலுக்கு ஆயுள் முடிந்தது என்று சொல்ல எந்தக் கம்பெனிக்கும் வாய் வராது. பழமை என்பது பொருளின் குணமில்லை. பொருளை வைத்திருப்பவனின் வர்க்கத்தைப் பொறுத்தது.

4

நமக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். நம்முடைய சிறுபத்திரிகைகளும் புத்தகங்களும் தொண்ணூறுகளிலிருந்து பேஜ்மேக்கரில் கோர்க்கப்பட்டவை. அதன் கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001இல். அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்தியது 2004இல். அது யூனிகோடை அறியாது. எனவே ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என்று தரப்படுத்தியது; 2010இல் யூனிகோடை ஏற்றது. அதற்குள் சேர்ந்துபோன கோப்புகளைத் திறக்க அந்தப் பழைய மென்பொருள், அந்த எழுத்துரு, அந்தக் கீபோர்டு டிரைவர், அதெல்லாம் ஓடுகிற பழைய விண்டோஸ், அது ஓடுகிற பழைய எந்திரம் என்று ஒரு சங்கிலியே வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் கட்டுரை வெறும் கிறுக்கலாகத்தான் திரையில் தெரியும். டிடிபி சென்டர்காரர்கள் எக்ஸ்பி எந்திரத்தை நெட்டில் இணைக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பின்தங்கிய புத்தி என்று சிரித்தவர்கள் உண்டு. உண்மையில் அவர்கள் நம்முடைய ஆவணக் காப்பாளர்கள், சம்பளமில்லாமல்.

இன்னொன்று. 2011இலிருந்து தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லாப்டாப் கொடுத்தது. 2017க்கு முன்பு கொடுத்த ஒன்றுகூட விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலில் இருக்க முடியாது. ஒரு வீட்டின் முதல் கம்ப்யூட்டர் அது.

5

மாற்று இல்லையா? இருக்கிறது. அந்த மாற்றின் தோற்றக்கதையே ஒரு பிரிண்டர்தான். 1980வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. காகிதம் சிக்கினால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அதன் நிரலைத் திருத்த நினைத்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983இல் குனூ திட்டமாயிற்று. அந்த வழியில் வந்த லினக்ஸ் இன்று 2017க்கு முந்திய எந்திரங்களில் தாராளமாக ஓடுகிறது.

அதையும் புனிதமாக்க வேண்டியதில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கியது 386 ப்ராசஸரில். அதே 386க்கான ஆதரவை லினக்ஸ் 2012 டிசம்பரில் நீக்கியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32பிட் பி.சி.களுக்கு இன்ஸ்டாலர் தருவதை நிறுத்தியது. பழசைத் தூக்கிச் சுமக்க ஆள் வேண்டும், உழைப்பு வேண்டும். அது அங்கேயும் தட்டுப்பாடுதான். ஆனால் அங்கே மூல நிரல் பூட்டப்படவில்லை. ஆள் சேர்ந்தால் மறுபடி எழுப்பிவிடலாம். பூட்டியதில் நாம் எத்தனை பேர் சேர்ந்தாலும் ஒன்றும் நடக்காது.

6

2022இல் உலகம் தள்ளிய மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதம். மிச்சத்தில் ஒரு பங்கு டெல்லி சீலம்பூர் மாதிரி இடங்களில் வெறுங்கையாலும் அமிலத்தாலும் பிரிக்கப்படுகிறது. ரெட்மண்டில் குறித்த தேதிக்கு நுரையீரலைக் கொடுப்பவர்கள் அவர்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஃபோன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் விற்பனை நின்ற பிறகு குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் கொடுக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. சட்டம் போட்டால் கம்பெனி கேட்கும் என்பதற்கு இது சாட்சி. கம்ப்யூட்டருக்கும் இதைக் கேட்க வேண்டும். அதோடு நிறுத்தக் கூடாது. ஆதரவை நிறுத்துகிற அன்றைக்கே டிரைவரின் மூல நிரலைப் பொதுவில் வைக்க வேண்டும். அரசாங்கம் வாங்குகிற ஒவ்வொரு எந்திரத்தின் ஒப்பந்தத்திலும் இந்த இரண்டு நிபந்தனையும் இருக்க வேண்டும். லட்சக்கணக்கில் லாப்டாப் வாங்குகிற அரசு இதைச் சொன்னால் விற்கிறவன் காதில் விழும். அரசு சொல்லுமா என்றால், நாம் கேட்காமல் சொல்லாது.