ஒரு சொல்லின் பொருளால் மறைந்த விளையாட்டு

வணிக ஒப்பந்தம் ஒன்றில் ஒரு சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கம், கடைகளில் விற்பனையில் இருந்த ஒரு விளையாட்டையே மறையச் செய்தது. அச்சொல் 'கணினி'. அவ்விளையாட்டு, அமெரிக்காவின் டெங்கென் நிறுவனம் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட டெட்ரிஸ். பழைய நிகழ்பட விளையாட்டுகளைச் சேகரிப்போர் இன்றும் அதனைத் தேடி வாங்குகின்றனர். அதன் காரணத்தைச் சற்று விரிவாகக் காண்போம்.

கைமாறிய உரிமை

மேலிருந்து விழும் கட்டங்களை இடைவெளியின்றி அடுக்கும் டெட்ரிஸ் புதிர் விளையாட்டை 1980களின் நடுப்பகுதியில் மாஸ்கோவில் உருவாக்கியவர் அலெக்ஸி பஜிட்நோவ். அவர் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றியவர். ஆகவே, அதன் வெளிநாட்டு உரிமையை எலோர்க் என்னும் அரசு நிறுவனமே கையாண்டது. கணினிக்கான உரிமையை இராபர்ட் ஸ்டைன் என்பவர் பெற்றார். அவரிடமிருந்து இங்கிலாந்தின் மிரர்சாஃப்ட்டுக்கும், அங்கிருந்து அட்டாரி கேம்ஸ் நிறுவனத்திற்கும் உரிமை கைமாறியது. அட்டாரி கேம்ஸின் கிளை நிறுவனமே டெங்கென்.

1989 பிப்ரவரியில் நிண்டெண்டோவின் சார்பில் ஹெங்க் ரோஜர்ஸ் மாஸ்கோ சென்றார். தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் விளையாட்டுப் பொறிகளுக்கு எவருக்கும் உரிமை தரப்படவில்லை என்பதை எலோர்க் அதிகாரி நிக்கோலாய் பெலிகோவ் வழி அறிந்தார். பெலிகோவ், ஸ்டைனின் ஒப்பந்தத்தைத் திருத்தினார். செயலி, திரை, வட்டு இயக்கி, விசைப்பலகை, இயங்குதளம் ஆகியவை கொண்டதே கணினி என அதில் வரையறுத்தார். அந்த ஒரு வரியால் விளையாட்டுப் பொறிகள் ஸ்டைனின் உரிமைக்கு வெளியே சென்றன. மார்ச் மாதம் நிண்டெண்டோ அவ்வுரிமையைப் பெற்றது.

இரு வகையில் உரிமமின்மை

டெங்கென் வெளியீட்டில் உரிமச் சிக்கல் இரண்டு இருந்தன. ஒன்று, மேற்கண்ட டெட்ரிஸ் உரிமை. மற்றொன்று, பொறியின் அனுமதி. நிண்டெண்டோவின் பொறியில் ஒரு பூட்டுச் சில்லு உண்டு. அதன் அனுமதி பெறாத கார்ட்ரிட்ஜ்கள் அதில் இயங்கா. டெங்கென் அப்பூட்டைத் திறக்கும் சில்லைத் தானே செய்தது. நிண்டெண்டோ உரிமம் பெற்ற கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் சாம்பல் நிறத்தவை, டெங்கெனுடையவை கறுப்பு. நிறத்தைக் கண்டே வேறுபாட்டை உணரலாம்.

1989 மே மாதம் டெங்கென் டெட்ரிஸ் கடைகளுக்கு வந்தது. வழக்கும் எழுந்தது. நிண்டெண்டோ பொறியும் கணினியே என்று அட்டாரி தரப்பு வாதிட்டது. ஜப்பானில் அப்பொறியின் பெயரே 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' அன்றோ! எனினும், நீதிபதி ஃபெர்ன் ஸ்மித் ஜூன் 21ஆம் நாள் விற்பனைக்குத் தடை விதித்தார். அதற்குள் ஏறத்தாழ 100,000 பிரதிகள் விற்றிருந்தன. கிடங்கில் தேங்கியவை அதனினும் அதிகம். அவை அழிக்கப்பட்டன.

சேகரிப்போரை ஈர்ப்பது எது?

நூறாயிரம் பிரதிகள் என்பது சிறிய எண்ணிக்கை அன்று. இதனினும் அரிய விளையாட்டுகள் பல உள. ஆயினும் அவற்றுட் பல ஒருமுறை ஆடியதும் சலிப்பூட்டுவன. டெங்கென் டெட்ரிஸின் நிலை வேறு. அதனை உருவாக்கிய எட் லாக், 'ஆஸ்டராய்ட்ஸ்', 'சென்டிபீட்' முதலியவற்றால் புகழ் பெற்றவர். அவரது ஆக்கத்தில் இருவர் ஒரே வேளையில் போட்டியிடலாம். ஒரே பலகையில் கூட்டாகவும் ஆடலாம். பொறியையே எதிராளியாகவும் கொள்ளலாம். அவ்வாண்டின் இறுதியில் அதே பொறிக்கு நிண்டெண்டோ வெளியிட்ட டெட்ரிஸோ ஒருவர் மட்டுமே ஆடத்தக்கது. ஆக, சட்டத்தால் வென்றதைவிடத் தோற்றதே ஆட்டத்தில் வளமானது எனப் பலர் கருதுகின்றனர். அட்டைப்பெட்டியும் கையேடும் குலையாத பிரதிக்கு மதிப்பு மேலும் அதிகம்.

இவ்விரு தரப்பும் வழக்காடிய காலத்தில், விளையாட்டை உருவாக்கிய பஜிட்நோவுக்கு விற்பனையில் உரிமைத்தொகை ஏதும் சேரவில்லை. 1996ஆம் ஆண்டு ரோஜர்ஸுடன் இணைந்து டெட்ரிஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பின்னரே அது அவருக்குக் கிட்டியது. கறுப்புக் கார்ட்ரிட்ஜைப் பேழையில் பூட்டிவைப்போர் இச்செய்தியையும் அதனுடன் சேர்த்து வைத்தல் நலம்.