ஃபாலுன் காங்கை சீனா ஏன் தடை செய்தது? ஓர் எண்ணின் கதை

பூங்காவில் மெதுவாகக் கையைத் தூக்கி இறக்கி உடற்பயிற்சி செய்பவர்களைப் பார்த்து ஓர் அரசு ஏன் பயப்படணும்?

ஃபாலுன் காங் 1992-ல் வடகிழக்குச் சீனாவின் சாங்சுன் நகரில் தொடங்கியது. நிறுவனர் லி ஹோங்சி. அப்போ சீனா முழுக்க 'சீகோங்' எனும் மூச்சுப்பயிற்சி அலை. அரசே அதை ஆதரித்தது. லி அதோடு பௌத்த, தாவோ கருத்துகளைச் சேர்த்தார். 1996-ல் அரசு சார்ந்த சீகோங் சங்கத்திலிருந்து இயக்கம் விலகியது. உரசல் ஆரம்பம்.

1999 ஏப்ரல் 25 அன்று, தியான்ஜினில் கைதானவர்களை விடுவிக்கக் கோரி, பெய்ஜிங்கில் கட்சித் தலைமையகத்துக்கு வெளியே சுமார் 10,000 பேர் கோஷமே போடாமல் நின்னாங்க. ஜூலை 22-ல் தடை வந்தது.

இப்போ எண்களைக் கவனிங்க. தடைக்கு முன் அரசு மதிப்பீடாகச் செய்திகளில் வந்தது 7 கோடி பேர். கம்யூனிஸ்ட் கட்சியிலேயே அப்போ 6 கோடி சொச்சம்தான். தடைக்குப் பிறகு அரசு சொன்ன கணக்கு? வெறும் 20 லட்சம். இரண்டையும் வெளியாட்கள் சரிபார்க்க வழியில்லை.

அதன்பின் பெருமளவில் கைதுகள், 'மறுகல்வி' முகாம்கள். காவலில் சித்திரவதை, மரணங்கள் நடந்ததாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. லி அதற்குள் அமெரிக்காவில் குடியேறியிருந்தார். ஒடுக்குமுறையை நடத்தியது '610 அலுவலகம்'. ஜூன் 10-ல் உருவானதால் அந்தப் பெயர். அதாவது, தடை அறிவிப்புக்கு ஆறு வாரம் முன்னாடியே.