கட்டுமரமும் உள்ளெந்திரமும்

கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கிலேயர் நாவிற் புகுந்து, ‘காட்டமரான்’ என உருத்திரிந்து, இற்றைநாளில் உலகமுழுதும் இரட்டையுடற் படகுக்குப் பெயராய் வழங்குவதைச் சங்கத்து அன்பர்கள் அறிவர். சொல்லைக் கொடுத்த நம் மரபினர், அம்மரத்தின்பின் எந்திரம் ஏறிய வரலாற்றைத் தம் கையால் எழுதிவைத்தது அரிது. ஆதலின் யாம் அறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுந்தாம்.

நொச்சிக்குப்பம் முதலாக, ஊரூர்க் குப்பம், கொட்டிவாக்கம் ஈறாக உள்ள கரை, துறைமுகம் இல்லாத வெறுமணற் கரையாகும். தொழிலுக்குப் போங்காலும் மீளுங்காலும் அலைவரிசையைக் கடந்தே ஆகவேண்டும். மரங்களைக் கயிற்றாற் பிணித்த கட்டுமரத்தில் ஏறிய நீர் இடுக்குகளின் வழியே வடிந்துபோம். கவிழினும் அது மூழ்குவதில்லை. துறைமுகம் எழுமுன் கப்பற் பயணிகளைச் சென்னையிற் கரைசேர்த்த மசூலாப் படகிலும் பலகைகளை ஆணியால் இறுக்காது தென்னங்கயிற்றால் தைத்திருந்தனர். இறுகிய உடல் அலையறைந்து பிளக்கும்; தைத்த உடலோ நெகிழ்ந்து கொடுக்கும். இந்நுட்பத்தைக் கண்டவர் எக்கலாசாலையிலும் பயின்றவரல்லர்.

நிற்க. நார்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பார் 1909ஆம் ஆண்டில், படகின் பின்புறத்தே மாட்டும் மோட்டாரை இயற்றினார். அவுட்போர்டு என்று நம் இளைஞர் வழங்குவது இவ்வகையே. கரை நெருங்குங்கால் இதனைச் சாய்த்து விசிறியை நீர்மேல் தூக்கிவிடலாம். மணற்கரைக்கு இஃதொரு பெருந்துணை. ஆயின் இரண்டடி எஞ்சினாதலின், புகும் எண்ணெயில் ஒரு பகுதி எரியாமலே புகையொடு வெளிப்போம். மண்ணெண்ணெய் விலை ஏறுந்தோறும் இக்குறையும் பெரிதாய்த் தோன்றிற்று.

1952 அக்டோபரில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகளும் செய்த உடன்படிக்கையின் பயனாய்க் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் உள்ளெந்திரப் படகுகள் தோன்றின. அவை ஒதுங்கி நிற்க இடம் வேண்டுவன. சென்னையில் அவ்விடம் வடக்கே காசிமேட்டில் அமைந்தது, தென்குப்பங்களுக்கு வாய்த்திலது.

பழைய கார் எஞ்சினை மலிவாய் வாங்கிப் படகில் அமைத்தல் ஆகாதோ என்பார் உளர். தாய்லாந்தில் அங்ஙனமே கார், லாரி எஞ்சின்களை நெடுந்தண்டு பூட்டிப் படகில் ஓட்டுகின்றனர். ஆயினும் காருக்கும் படகுக்கும் வேற்றுமை பல. கார் எஞ்சின் எதிர்க்காற்றால் ரேடியேட்டர் வழியே குளிர்வது. படகிலோ கடல்நீரே குளிர்விக்க வேண்டும். உப்புநீரை நேரே உள்விட்டால் வார்ப்பிரும்பு அரிக்கும். ஆதலின் உள்ளே நன்னீரைச் சுழலவிட்டு, அந்நன்னீரைக் கடல்நீரால் ஆற்றுதற்கு வேறொரு கருவி வேண்டும். சமதரைச் சாலையில் எஞ்சின் சிறிது இளைப்பாறும். நீரிலோ சுமை விடுவதேயில்லை. விசிறி நீரைப் பின்தள்ளுங்கால் அதன் தண்டு முன்னோக்கி அழுத்தும்; அவ்வழுத்தம் தாங்கும் பேரிங் தனியே அமையாவிடின் கியர்ப்பெட்டி கெடும். பெட்ரோலாயின் இன்னும் கொடிது. அதன் ஆவி காற்றினும் கனத்ததாகலின் படகின் அடியிற் தங்கி, ஒரு பொறியால் வெடிக்கும். ஆதலின் டீசலே தக்கது என்பது எம் துணிபு.

இவையெல்லாம் தீரினும் மணல் தீராது. உடலைத் துளைத்து நிலையாய் நிற்கும் விசிறி கரையேறுகையில் முறியும். இத்தடைக்கு விடை மயிலைக்கு அண்மையிலேயே ஆராயப்பெற்றது என்பது நம்மவர் பலர் அறியாதது. ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் தொடங்கிற்று; அதன் அலுவலகம் அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலையில் இருந்தது. அத்திட்டத்தார் உருவாக்கிய ஐ.என்.டி.-20 என்னும் கரையேறு படகில், டீசல் எஞ்சினும் தண்டும் விசிறியும் ஒரே உறுப்பாய்ப் பிணைந்து ஓர் அச்சிற் சாய்வன. துளையின்வழி நீர் புகாதபடி ரப்பர் உறை காக்கும். கரை நெருங்க எஞ்சினைச் சாய்த்தால் விசிறி தானே மேலெழும். எஞ்சின் உள்ளேயும் இருந்தது, மணலுக்கும் தப்பிற்று. வியத்தகு செயலன்றோ!

எனினும் இப்படகு வடக்கே ஆந்திரக் கரையிற் பரவிய அளவு நம் குப்பங்களிற் பரவவில்லை. நம்மவர் கொண்டது வேறு வழி. ஆட்டோக்களில் ஓடும் இனத்தைச் சார்ந்த சிறு டீசல் எஞ்சினைப் படகின் பின்புறத்தே சுழலும் தாங்கியில் ஏற்றி, நீண்ட இரும்புத் தண்டின் முனையில் விசிறி பூட்டினர். உடலில் துளை வேண்டா. எஞ்சினை அமிழ்த்தினால் தண்டு எழும். லாங்டெயில் எனப்படும் இது அவுட்போர்டும் அன்று, உள்ளெந்திரமும் அன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் திரளாய் வந்தபின், மரக்கட்டுமரம் அருகிற்று. எஞ்சின் இன்றித் தொழிலுக்குப் போவாரும் அருகினர்.

எஞ்சின் விலை நம் வீடுகளிற் பெருஞ்செலவு. அதன்பொருட்டு வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், கடன் தீருமளவும் மீனை அவருக்கே கொடுக்கக் கட்டுண்கின்றார். விலை சொல்பவரும் அவரே. அம்மீன் கரையில் ஏலத்துக்கு வருவதில்லை. கூடை சுமந்து மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாற்றுத் தெருக்களில் விற்கும் நம் பெண்டிர், படகு நிறைய வந்திருப்பதைக் கண்டும் வெறுங்கூடையுடன் காசிமேட்டுக்குப் பேருந்தேறுதலும் உண்டு.