காப்பும் காவல் நிலையமும்

குருதி வழியும் அரிவாளோடு ஒருவன் காவல் நிலையப் படியேறி, "நான்தான் வெட்டினேன்" என்பான். நம் திரைப்படங்கள் பல அத்தோடு முடிந்துவிடும். சட்டத்தின் கதையோ அங்கேதான் தொடங்குகிறது.

1837இல் தண்டனைச் சட்ட வரைவை அளித்த மெக்காலே தலைமையிலான ஆணையம், தாக்குவோன் முன் இந்தியர் எளிதில் பணிந்துவிடுவதாகக் கருதியது. எதிர்த்து நிற்கும் துணிவை ஊக்கவேண்டும் என்றே இவ்வுரிமையை விரிவாக வகுத்தது. நாட்டைப் பிடித்துக்கொண்டவர்கள் நமக்கு வீரம் கற்பிக்க முனைந்த வேடிக்கை அது! 1860இல் நிறைவேறி 1862இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் இதற்குரியவை. 2024 ஜூலை 1 முதல் அவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாகத் தொடர்கின்றன.

'தற்காப்பு' என்று நாம் வழங்கும் சொல் இங்கே சற்றுக் குறுகிப்போகிறது. பிறர் உடலையும், உடைமையையும் காப்பதற்கும் சட்டம் இடம் தருகிறது. உத்தரப் பிரதேசத்தில் ஒருவன், தந்தை வீட்டிலிருந்த மனைவியை அவள் விருப்பத்துக்கு மாறாக இழுத்துச் சென்றான். அவளுடைய உடன்பிறந்தான் கத்தியால் குத்தியது ஒரேயொரு முறை, கணவன் இறந்தான். செஷன்ஸ் நீதிமன்றம் விடுவித்தவனை உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1959இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. இதற்கிடையில் அவன் எத்தனை முறை படியேறி இறங்கியிருப்பான் என்பதைத் தீர்ப்பு ஏடுகள் சொல்வதில்லை.

சரி, அந்தத் திரைப்பட வாக்கியம் என்னாகும்? காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அளித்தவனுக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்றது, 2024 ஜூன் 30 வரை நடப்பிலிருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. கொலை செய்தவனே வந்து கொடுத்த முதல் தகவல் அறிக்கைக்கும் இது பொருந்தும் என்று 1965இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. (அது தற்காப்பு வழக்கன்று.) அவ்வாக்குமூலத்தின் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் மட்டும் அந்த அளவுக்கு விலக்குண்டு.

ஆனால் அதே சட்டத்தின் 105ஆம் பிரிவு, காக்கவே தாக்கினேன் என்று காட்டும் பொறுப்பைக் குற்றம்சாட்டப்பட்டவன் மீதே ஏற்றியது. ஐயத்துக்கு இடமின்றி நிறுவவேண்டியதில்லை; அப்படி நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும். அவன் சொல்லத் தவறினாலும், சான்றுகளில் தெரிந்தால் நீதிமன்றமே அதை எடுத்துக்கொள்ளலாம். இங்கேதான் ஒரு சிறு தாள் பெரிதாகிறது. தாக்கியவனின் உடற்காயங்களை அரசுத் தரப்பு விளக்காமல் விடுவது அதன் வழக்கையே ஐயத்துக்குள்ளாக்கும் என்பது 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அரசு மருத்துவமனையில் அன்றே எழுதப்படும் விபத்துப் பதிவேடு, நீதிமன்ற வளாகங்களில் 'ஏ.ஆர். காப்பி' எனப்படும் அந்நகல், பல ஆண்டுகள் கழித்து அவனுக்காகப் பேசும். காயத்தை மறைத்துக்கொண்டு நேரே நிலையத்துக்குப் போகும் வீரனிடம் அது இராது.

எல்லாமே நீதிமன்றம் வரை போகவேண்டும் என்பதுமில்லை. 2012இல் மதுரையில், மகளிடம் முறைகேடாக நடக்க முயன்ற கணவனை ஒரு பெண் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்றார். விசாரித்த காவல்துறை 100ஆம் பிரிவைச் சுட்டி, சிறைக்கு அனுப்பாமல் அவரை வீட்டுக்கு அனுப்பியது.